கரும்பைத் தின்னாத பூச்சி

அந்தப் பூச்சி கரும்பைத் தின்னவில்லை. பாகூர்ப் பக்கம் இதை நான் சொல்லாத ஆள் மிச்சமில்லை. காது கொடுத்துக் கேட்ட ஆள்தான் இல்லை. தின்றது என்று அடித்துப் பேசியவர்களில் ஒருவர்கூட ஒருநாளும் குனிந்து அதைப் பார்த்தவர் அல்ல. நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அதுதான். எழுதும்போது யாரும் நடுவில் புகுந்து, "சர்தான் போடா" என்று சொல்ல முடியாது.

பூச்சியைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எருக்குழி ஓரத்தில் பாதி புதைந்து கிடக்கும் செங்கல்லைப் புரட்டிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், உளுந்து பருமனில், முதுகெல்லாம் பட்டை பட்டையாக ஓடு போட்டுக்கொண்டு சில உயிர்கள் வெளிச்சத்துக்குப் பயந்து ஓடும். விரல் பட்டால் அவ்வளவுதான். தலையும் காலும் உள்ளே போய் மிளகுபோல உருண்டையாகிவிடும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் மெல்லப் பிரிந்து, ஏழு ஜோடிக் காலையும் அசைத்துக்கொண்டு நடையைக் கட்டும். எங்கள் தெருவில் அதற்கு உருண்டைப்பூச்சி என்று பேர். கோலி இல்லாத பிள்ளைகள் அதைத்தான் உருட்டி விளையாடுவார்கள்.

எங்கள் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரன் ஆட்சியில் இருந்தது, எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். எங்கள் வீட்டில் மட்டுமல்ல, எங்கள் தெருவிலேயே முதலில் படித்தவன். அங்கே பொருள் பாடம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து அதைப்பற்றிப் பேச வேண்டும். ஒருவன் பித்தளைப் பூட்டு கொண்டுவந்தான். ஒருவன் சங்கு கொண்டுவந்தான். எங்கள் வீட்டில் கொண்டுவர என்ன இருந்தது? கொட்டாங்கச்சியில் ஈர மண்ணைப் போட்டு நாலைந்து உருண்டைப்பூச்சியைக் கொண்டுபோனேன். வகுப்பே சிரித்தது. வாத்தியார் மட்டும் பலகையில் க்ளோபோர்த் என்று எழுதி, இது பூச்சியே இல்லை, இறாலுக்கும் நண்டுக்கும் பங்காளி, தண்ணீரை விட்டுத் தரைக்கு வந்துவிட்டது, ஆனாலும் ஈரம் இல்லாவிட்டால் மூச்சுவிட முடியாமல் செத்துப்போகும் என்றார்.

எங்கள் எருக்குழியில் கிடப்பதற்குப் பிரெஞ்சில் ஒரு பேர் இருக்கிறது. அன்று அது எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. வாய் உடைந்த சோற்றுப்பானை ஒன்றை எடுத்து, அடியில் ஈர மணல், மேலே மக்கிய வேப்பிலை, ஒரு பூவரசம்பட்டை, பள்ளிக்கூடச் சுவரிலிருந்து உதிர்ந்த சுண்ணாம்புக் காரை எல்லாம் போட்டு அவற்றைக் குடிவைத்தேன். காரையை அவை சுரண்டிச் சுரண்டித் தின்னும். ஓட்டுக்கு அது வேண்டும்போல. சட்டை உரிக்கும்போது பின்பாதியை முதலில் உரித்துவிட்டு, சில நாள் பொறுத்து முன்பாதியை உரிக்கும். இடைப்பட்ட நாளில் பாதி வெளுத்தும் பாதி கறுத்தும், இரண்டு துணியை ஒட்டித் தைத்த சட்டைபோல இருக்கும். தாய்ப்பூச்சிக்கு வயிற்றின் அடியில் ஒரு பை. அதில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு திரியும். பை பிரிந்து வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகள் இறங்கியதை நானும் தங்கையும் தலையோடு தலை முட்டப் பார்த்தோம்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஆடு வளத்தா குட்டி போடும். கோழி வளத்தா முட்ட உடும். இது இன்னாடா குடுக்கும்?"

"இதுவும் குட்டி போடுதும்மா," என்றாள் தங்கை.

"ஆமாண்டி, சந்தைக்கு ஓட்டிக்கினு போ."

எதிர்வீட்டு மாமன் வாய்க்காரர். தினமும் காலையில் போகிற போக்கில், "இன்னா மாப்ள, பால் கறந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அப்பா வேறு மாதிரி. சாப்பிட்டுக் கை கழுவி வரும்போது விரலில் இருக்கும் தண்ணீரைப் பானைக்குள் உதறிவிட்டுப் போவார்.

அப்பாவிடம் அப்போது ஒரு கரும்புக் கழனி இருந்தது. சொந்தம் அல்ல, ஆண்டையின் நிலம். விளைவதில் பாதிக்குமேல் அவருக்கு. ஆனால் எங்கள் தெருவில் இப்படிப் பங்கு வாரத்துக்குக் கழனி வைத்திருந்தவர் அப்பா ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் கூலி. காலையில் கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. அந்தக் கழனி இருந்ததால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன், தங்கை இரண்டு வேளை சாப்பிட்டாள். அது போனால் எல்லாம் போகும் என்பது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத, எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அந்த வருஷம் நடவுக்கு ஆண்டை வீட்டுக் கொல்லையில் குவித்து வைத்திருந்த கரும்பையே விதையாக வெட்டிக் கொடுத்தார்கள். வெட்டிய துண்டைக் கரணை என்போம். நல்ல கரணையின் வெட்டுவாய் வெள்ளையாக இருக்கும். இது உள்ளே சிவந்து, அங்கங்கே வெள்ளைத் திட்டோடு, புளித்த கள்ளுபோல நாறியது. கரும்பு பயிரிடும் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அது உதவாத விதை என்று. அப்பா ஒன்றைப் பிளந்து ஆண்டையின் காரியஸ்தரிடம் காட்டினார்.

"செவந்து கெடக்குதுங்க. இத நட்டா மொளைக்காதுங்க."

"வெதைய மோந்து பாக்கவாடா ஒனக்குக் கழனி குட்த்துது? நடு."

நட்டார். நட்ட மறுவாரம் மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், பார் என்று நாங்கள் சொல்லும் நடவுவரிசை ஒவ்வொன்றும் வெறும் மண். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்ததும் மஞ்சளாகத் தலை சாய்ந்தது. காரியஸ்தர் வந்தார். குடைக்கம்பியால் மண்ணைக் கிளறி ஒரு கரணையைப் புரட்டினார். உள்ளே கூழாகியிருந்த கரணையிலிருந்து உருண்டைப்பூச்சிகள் கொத்தாக உதிர்ந்தன.

"இன்னாடா இது?"

எதிர்வீட்டு மாமன் அங்கே கூலிக்கு வந்திருந்தார். அவருக்கு வாய் சும்மா இருக்குமா? "அட, இது நம்ம படிச்சவன் வூட்டு மந்தையாச்சே! மேய வந்துடுச்சி பாருங்க!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். காரியஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. "யார் வூட்டு மந்த?" என்று கேட்டார்.

சிரிப்புக்குச் சொன்ன சொல் பொழுது சாய்வதற்குள் சாட்சியாகிவிட்டது. மாமன் அன்று வீட்டுக்கு வந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுது என்ன?

மறுநாள் களத்துமேட்டில் எங்களை நிற்கவைத்தார்கள். ஆண்டை நாற்காலியில் இருந்தார். அப்பா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் சட்டை போட்டிருந்தேன். அதைக் கழற்றிவிட்டு வரச்சொல்லி அம்மா கெஞ்சியும் நான் கேட்கவில்லை.

"பானையில வச்சி வளக்கிறியாமே? இன்னாத்துக்கு?" என்றார் ஆண்டை.

"பாக்குறதுக்குங்க."

"பாக்குறதுக்கா?" அவர் சுற்றிலும் ஒருமுறை கண்ணை ஓட்டினார். "மயிலப் பாக்கலாம், மாட்டப் பாக்கலாம். இவன் பூச்சியப் பாக்குறானாம். பிரெஞ்சுக்காரன் இதத்தான் சொல்லித் தர்றானா?"

கூட்டம் சிரித்தது. நான் சொன்னேன்: "ஆண்டே, அது அழுகுனதத்தான் தின்னும். கரணை மொதல்ல அழுகிச்சி. அப்பறந்தான் பூச்சி வந்துது."

"அப்போ பொணந்தின்ன வந்த கழுகுன்னு சொல்ற."

"ஆமாங்க, அப்பிடித்தான்."

"கழுக வூட்ல வச்சி வளக்குறவன ஊர்ல வச்சிக்குவாங்களாடா?"

அதற்குமேல் அங்கே யாருக்கும் எதுவும் கேட்கவில்லை, அவ்வளவு சிரிப்பு. ஏன் சிரித்தார்கள் என்று இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அவர்களில் பாதிப்பேர் கரும்பு நட்டுக் கை காய்த்தவர்கள். சிவந்த கரணையை அவர்களில் யார் பார்த்ததில்லை?

நான் விடவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு பானை வைத்தேன். ஒன்றில் வேறு கொல்லையில் கேட்டு வாங்கிய நல்ல கரணை. அதோடு என் பூச்சிகள் எல்லாவற்றையும் விட்டேன். இன்னொன்றில் ஆண்டை வீட்டுச் சிவந்த கரணை. அதில் ஒரு பூச்சிகூட இல்லை. மண்ணும் ஒன்று, தண்ணீரும் ஒன்று. பூச்சிகள் நல்ல கரணையின் மேலேறி, கீழிறங்கி, பக்கத்திலிருந்த மக்கிய இலையைத் தின்றுகொண்டு குடித்தனம் நடத்தின. கரணையின் பரு வெடித்துப் பச்சையாக முளை வந்தது. பூச்சியில்லாத பானையில் சிவந்த கரணை தானாகவே கூழாகி நாறியது. இரண்டையும் தலையில் வைத்துக்கொண்டு களத்துமேட்டுக்குப் போனேன். இதைவிட என்ன காட்ட முடியும்? கண் உள்ளவனுக்குப் போதாதா?

ஆண்டை இரண்டு பானையையும் எட்டிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். பிறகு சொன்னார்: "அது நீ வளத்த பூச்சிடா. ஒன் பேச்சக் கேக்கும். எங் கழனிப் பூச்சி எம் பேச்சக் கேக்கலையே!"

மறுபடியும் சிரிப்பு.

எல்லை கழித்துவிடுவது என்று முடிவாயிற்று. பயிரில் பூச்சி விழுந்தால் எங்கள் ஊரில் அதைச் செய்வார்கள். பூச்சியில் கொஞ்சத்தைப் புதுப்பானையில் பிடித்து, வாயில் மஞ்சள் துணி கட்டி, பறையடித்துக்கொண்டு எல்லைக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். மற்ற பூச்சியெல்லாம் அதன் பின்னாலேயே போய்விடும் என்று நம்பிக்கை. முன்பெல்லாம் பக்கத்து ஊர் எல்லையில்தான் கொட்டுவார்களாம். பக்கத்து ஊரிலும் ஆண்டை நிலம் வாங்கிவிட்டார். அதனால் பூச்சி போகவேண்டிய இடம் இங்கிலீஷ்காரன் சீமையாகிவிட்டது.

"யார் வூட்லேர்ந்து வந்துச்சோ அவன்தான் சொமக்கணும்," என்றார் ஆண்டை. "கழிப்பு ஒழுங்கா முடிஞ்சா கழனி ஒங்கிட்டயே இருக்கும். முடியலன்னா நான் வேற ஆள் பாத்துக்குவேன்."

அப்பா சரி என்றார். நான் வீட்டுக்கு வந்து குதித்தேன். "நீ எதுக்குச் சொமக்கணும்? நாம இன்னா தப்பு செஞ்சோம்?"

"தப்பு செஞ்சவன்தான் சொமக்குறானா ஊர்ல?" என்றார் அப்பா. "கழனி இருக்கட்டும்டா."

என் பானையைக் கவிழ்த்து, என் பூச்சிகளைத்தான் புதுப்பானையில் போட்டார்கள். கழனியில் பொறுக்க யாருக்கும் பொறுமையில்லை. தங்கை அதற்குள் ஒரு பூசணித்தோலைப் போட்டாள். வழியில் பசிக்குமாம்.

காலை வெயிலில் கிளம்பினோம். பறையடித்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள். அடிக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அடித்தார்கள். காரியஸ்தர் கூட்டுவண்டியில் வந்தார். சோரியாங்குப்பம் தாண்டி எல்லைக்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ் சுங்கச்சாவடி. அங்கிருந்து ஒரு சேவகன் தடியோடு எழுந்து வந்து கல்லிலேயே அப்பாவை நிறுத்தினான்.

"பானையில இன்னா?"

"பூச்சிங்க."

"பறையடிச்சி பூச்சி கொண்டாறியா? சாராயத்துக்கு இது புதுப் பேரா? துணிய அவுறு."

அப்பா பானையைக் கல்லின் மேல் இறக்கித் துணியை அவிழ்த்தார். அவன் எட்டிப் பார்த்தான்.

"அடச்சீ! நெசமாவே பூச்சி! இத எதுக்குடா இங்க எட்தாந்த?"

"எல்ல கழிக்கிறோம்ங்க. அந்தாண்ட கொட்டிட்டுப் போயிடுவோம்."

"அந்தாண்டன்னா எங்க ஊருடா! உங்க பீடைய எங்க தலையில கட்டப் பாக்குறியா? எனக்கும் கரும்புக் கொல்ல இருக்குது."

கையால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். எங்கள் கைப்பட்ட பானையை அவன் எப்படித் தொடுவான்? தடியால் இடித்தான். பானை கல்லிலிருந்து உருண்டு எங்கள் பக்கம் விழுந்து உடைந்தது. பறை நின்றது.

"போச்சி," என்றார் காரியஸ்தர் வண்டியில் இருந்தபடியே. "கழிச்சதெல்லாம் ஊருக்கே திரும்பிடிச்சி." பிறகு அப்பாவிடம்: "பொறுக்குடா. பொறுக்கிக்கினு போயி வேற வழியா கொட்டு."

அப்பா முட்டி போட்டார். பாதையில் புழுதி, வண்டித்தடம், மாட்டுச்சாணம். பூச்சிகள் பயந்து உருண்டையாகிச் சிதறிக் கிடந்தன. ஓடியிருந்தால் பாதியாவது தப்பியிருக்கும். சுருண்டுகொண்டதால் பொறுக்குவது சுலபமாகிவிட்டது. சேவகன் கல்லில் சாய்ந்துகொண்டு, "அதோ அங்க ஒண்ணு! இந்தாண்ட ஒண்ணு!" என்று தடியால் காட்டிக்கொண்டிருந்தான்.

"எந்திரிப்பா," என்றேன். "வா, வூட்டுக்குப் போலாம். எந்திரி."

அவர் தலை நிமிரவில்லை. "நீயும் ஒக்காந்து பொறுக்கு. வெயிலு ஏறுது, காஞ்சி செத்துடும்டா."

என்னைத் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். நான் உட்கார்ந்து பொறுக்கினேன். பொறுக்கிய ஒவ்வொன்றையும் அந்தக் காரியஸ்தரின் வாயில் திணிக்க வேண்டும் என்றிருந்தது. பானை இல்லை, அப்பாவின் தலைத்துண்டை நனைத்து அதில் போட்டோம். சுற்றிக்கொண்டு போய், காவல் இல்லாத சவுக்குத்தோப்பு வழியாக இங்கிலீஷ் எல்லைக்குள் நுழைந்து, சருகு மூடிய நிழலில் துண்டை உதறினோம். அவை பிரிந்து, கால் அசைந்து, சருகுக்கடியில் போய்விட்டன. அவற்றுக்கு எந்த சர்க்காரும் ஒன்றுதான்.

சொன்னதையெல்லாம் அப்பா செய்தார். செய்த பிறகும் கழனி போயிற்று. பானை உடைந்ததால் கழிப்பு செல்லாது என்று காரியஸ்தர் போய்ச் சொன்னார், ஆண்டை தலையாட்டினார். கழனி காரியஸ்தரின் மச்சானுக்குப் போனது. அது அந்த வீட்டில் முன்பே பேசி வைத்ததுதான் என்று பின்னால் ஊரே சொன்னது. ஊருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் களத்துமேட்டில் சிரித்தது.

அதோடு நின்றிருந்தால், பாழாய்ப்போன நம்பிக்கை, தெரியாத ஜனங்கள் என்று நானும் மனத்தைத் தேற்றியிருப்பேன். மறுநடவுக்கு விதை ஏற்றிக்கொண்டு வண்டி வந்தது. ஆண்டை வீட்டுக் கொல்லையிலிருந்து அல்ல, வில்லியனூர்ப் பக்கமிருந்து. நான் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆண்டை தானே இறங்கி வந்து ஒரு கரணையை எடுத்தார். வெட்டுவாயைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் மோந்தார்.

இந்த மனுஷனுக்கு எல்லாம் தெரியும். முதலிலிருந்தே தெரியும். என் இரண்டு பானையை எட்டிப் பார்த்தபோதும் தெரியும்.

வரப்பிலிருந்து கழனிக்குள் இறங்கிப் போய்க் கேட்டேன்: "ஆண்டே, பூச்சிதான் காரணம்னா வெதைய எதுக்கு மாத்துனீங்க?"

"வாய மூட்றா!" என்று காரியஸ்தர் பாய்ந்து வந்தார். ஆண்டை அவரைக் கையமர்த்தினார். அவருக்குக் கோபமே வரவில்லை. கரணையை வண்டியில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"படிச்ச புள்ளதான? நீயே யோசிச்சிப் பாரு," என்றார்.

நடவுக்கு ஆள் போதவில்லை என்று அப்பாவையும் கூப்பிட்டார்கள், தன் கழனியாக இருந்ததிலேயே கூலிக்கு. போக வேண்டாம் என்று நான் வாசலை மறித்து நின்றேன். என்னை ஒதுக்கிவிட்டுப் போனார். மத்தியானம் அம்மா கூழ் கொடுத்தனுப்பியதால் நானும் போக வேண்டியதாயிற்று. காரியஸ்தர் குடையோடு நின்றிருந்தார். அப்பா குனிந்து பார் ஓரம் மண்ணை விலக்கிக்கொண்டிருந்தார்.

"பூச்சி கீச்சி இருக்குதா பாத்து நடுடா," என்றார் காரியஸ்தர்.

விலக்கிய மண்ணில், காய்ந்த கரும்பிலைச் சோகைக்கடியில், இரண்டு மூன்று உருண்டைகள் கிடந்தன. நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

"இருக்குதுங்க," என்றார். கரணையை அவற்றின் பக்கத்தில் படுக்கவைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதித்து மூடினார். காரியஸ்தர் எட்டிப் பார்த்துவிட்டுக் குடையோடு அடுத்த பாருக்கு நகர்ந்தார். அப்பா அடுத்த கரணைக்குக் கையை நீட்டினார்.